உள்ளூர்ப் பணம் என்று அழுத்தவும்

என் பர்ஸில், கிரெடிட் கார்டுக்குப் பின்னால், கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது. மடிப்பெல்லாம் நைந்துவிட்டது. கணக்கு டீச்சரின் கையெழுத்து. போர்டில் எழுதுவதைப் போலவே ஒரு எழுத்துகூடக் கோணாது.

திருச்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் வகுப்பறையில், நான் ஆபீஸில். இருவருக்கும் வீடு ஸ்ரீரங்கம். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியும் பேச்சு ஓயாது. பேசுவது பெரும்பாலும் நான்தான். பி.எஃப்., இன்சூரன்ஸ், பாஸ்போர்ட், எதைக் கேட்டாலும் பதில் தெரியும். தெரியாவிட்டாலும் பதில் உண்டு. "சாரைக் கேட்டாப் போதும்" என்று ஸ்டாஃப் ரூமே சொல்லும். அந்த ஒரு வார்த்தைக்கு நான் கிறங்கிக் கிடந்தேன்.

ரிட்டயரான வருஷம் டீச்சர் மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் கிளம்பினார். கணவர் காலமாகிப் பல வருஷம். "மாப்பிள்ளை காசுல ஒரு காபிகூடக் குடிக்க மாட்டேன் சார். குழந்தைக்குச் செயினும் என் காசுலதான்." அதற்காகவே முதல்முறையாக ஒரு கிரெடிட் கார்டு வாங்கியிருந்தார். நானோ அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "மெஷின்ல ரூபாயா, டாலரான்னு கேட்கும். கண்ணை மூடிக்கிட்டு ரூபாய்னு அழுத்துங்க, நம்ம பணமாச்சே! கைச்செலவுக்கு ஏடிஎம்ல இதே கார்டுல எடுத்துக்கலாம். பில் வந்தா மினிமம் கட்டினாப் போதும், மிச்சத்தை மெதுவாப் பார்த்துக்கலாம்." தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வந்ததும் பேத்தியின் போட்டோவைக் காட்டினார். கழுத்தில் செயின். முகமெல்லாம் பூரிப்பு. சில மாதங்களில் மாலை டியூஷன் ஆரம்பித்தார். "பென்ஷன் வருது, இன்னும் ஆசை விடலையா டீச்சர்?" என்று கிண்டல் செய்தேன். பாவி நான்! "வீட்ல பொழுது போகலை சார்" என்று சிரித்தார். அந்த டியூஷன் வருஷம் முழுக்க நடந்தது.

பிறகு நான் முதல்முறையாகக் கோலாலம்பூர் கிளம்பியபோது, வீடு தேடி வந்து இந்தச் சீட்டைக் கொடுத்தார். "கார்டை நீட்டறப்போ படிங்க சார்." அங்கே கடைப்பெண் மெஷினைத் திருப்பி, ரூபாயா ரிங்கிட்டா என்று கேட்டபோதுதான் பிரித்தேன்.

"ஒன்று: உள்ளூர்ப் பணம் என்று அழுத்தவும். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. அதற்கு மேல் பேங்க் கட்டணமும் வரும். இரண்டு: இந்தக் கார்டில் ரொக்கம் எடுக்க வேண்டாம். எடுத்த அன்றிலிருந்தே வட்டி. மூன்று: பில்லை முழுசாகக் கட்டவும். மினிமம் மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு வட்டி ஓடும்; புதிதாக வாங்குவதற்கும் சேர்த்து."

மூன்றும் நான் சொன்னதற்கு நேர் எதிர். அந்த டியூஷன் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளையிடம் கை நீட்டாமல், என் அதிகப்பிரசங்கித்தனத்துக்கு ஒரு வருஷம் தொண்டை வறளக் கத்தி, வட்டி கட்டியிருக்கிறார். ஓட்டலுக்குப் போனதும் போன் செய்தேன்.

"எவ்வளவு போச்சு டீச்சர்?"

"எது சார்?"

"தெரியாத மாதிரிப் பேசாதீங்க."

"அதையெல்லாம் யாரு கணக்கு வெச்சுக்கிட்டு இருக்காங்க? அங்க வெயில் எப்படி இருக்கு, சொல்லுங்க." முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் பேசுகிற பேச்சா இது!

டீச்சர் இப்போது இல்லை. போன வாரம் அதே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், மகனைப் பார்க்க துபாய் போகிற ஒருவர், கார்டு பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

"எனக்கு அவ்வளவாத் தெரியாதுங்க" என்றேன். பர்ஸைத் திறந்து சீட்டை நீட்டினேன். "படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க. எங்க டீச்சர் எழுதினது."