விளக்குக்கு முன்னால் பாட்டில்

என் அக்கா பியர் ஆலையில் பத்தொன்பது வருஷமாக ஒரே வேலைதான் பார்க்கிறாள். கழுவி வரும் பழைய பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, மோசமானதை எடுத்துப் போடுவாள். பழக்கதோஷம், வீட்டில் கண்ணாடி டம்ளரைக்கூட ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன், என் மாமா, சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தார்.

"இனிமே எனக்கு கேன் பியர்தான். பாட்டில்ல எவன் என்னத்தப் போட்டு வச்சிருப்பானோ."

எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைச் சொல்ல வேண்டுமா? கரண்டியை விட்டெறிந்தாள்.

"போட்டுத்தான் வைக்கிறானுங்க. சிகரெட் துண்டு, செத்த கரப்பான், ஒருநாள் பல்செட்டு. பாத்துப் பாத்து என் கண்ணு போச்சு. இத்தனை வருஷம் குடிச்சீங்களே, உங்க பாட்டில்ல ஒரு தூசியாவது கெடந்துச்சா?"

"இல்ல," என்றார் மாமா.

"ஏன் இல்லன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா?"