கிணற்றடிப் பாடம்

இந்த ஊரில் பிள்ளைகளின் வயதைக் காதில் தேடுகிறார்கள். நாங்கள் மலாயாவில் இருந்த தைப்பிங்கில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் கேட்பார்கள். பொன்னமராவதியில் அதெல்லாம் இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் வீடு.

என் மகள் வள்ளியின் விரல் உச்சந்தலையைத் தாண்டிச் சற்று இறங்கி நின்றுவிட்டது. வாத்தியார் இரக்கப்பட்டு, "காது எங்கிட்டு இருக்கு, சொல்லு ஆத்தா" என்றார். வள்ளி சட்டென்று, "தெலிங்கா" என்றாள். மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவளுக்குக் காது தெலிங்காதான். வாத்தியார் என்னைப் பார்த்தார். "வீட்டுல தெலுங்கா பேசுறீங்க? இது தமிழ்ப் பள்ளிக்கூடங்க." கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தெருப் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் போனார்கள். மாலையில் திரும்பினாலும், பேச்சுப் புரியவில்லை என்று 'கப்பல்காரி'யை ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். வாசற்படியில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் அடுத்த ஆனிக்குள் அந்தக் காதைப் பிடித்தாக வேண்டும். எனவே நானே வாத்தியார் ஆனேன். மலாயாவில் நான் படித்தது தோட்டப் பள்ளிக்கூடம். எங்கள் வாத்தியார் கணக்கப்பிள்ளை வேலையும் பார்த்ததால் பாதி நாள் வரமாட்டார். ரப்பர் விதைகளை வைத்து நாங்களே எண்ணிக்கொள்வோம். அதே முறையை எடுத்துக்கொண்டேன். விதைக்குப் பதில் புளியங்கொட்டை. காலையில் காது பிடிக்கும் பழக்கம். பிறகு வீட்டுச் சாமான்களுக்கு ஒவ்வொன்றாகத் தமிழ்ப் பேர். அடுப்புக்கரியால் தரையில் எழுத்து.

என் மனைவி அலமேலு இந்த ஊர்க்காரி. "இங்கிட்டு வந்தும் அந்த மலாய்ப் பேச்சு எதுக்குங்க? புள்ளைக்கு நாக்குக் கொளறிப்போயிரும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால் வீட்டுக்குள் தமிழ் மட்டும். ஆனால் கொல்லைக் கிணற்றடியில் பேசுவது அடுப்படிக்குக் கேட்காது. அங்கே நானும் வள்ளியும் மலாயில் கதை பேசுவோம். எனக்கும் நாக்குத் துருப்பிடிக்கக் கூடாதல்லவா? கிணற்றடியில் மீன் ஈக்கான், கண் மாத்தா, கயிறு தாலி.

அந்தத் தாலிதான் வினையாயிற்று. அலமேலு சந்தைக்குப் போயிருந்த நாளில், தண்ணீர் இறைக்கும்போது கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்தது. படிக்கல் பிடித்து இறங்கினேன். வள்ளி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "பெரியம்மா, தாலி அறுந்துபோச்சு. அப்பா கெணத்துக்குள்ள" என்றாளாம்.

வாளியை எடுத்துப் பாதி ஏறியபோது மேலே ஒப்பாரி கேட்டது. தெருவே வந்திருந்தது. "ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத மனுசன்" என்றாள் ஒருத்தி. "பேசுனாத்தானே அதிர்றதுக்கு" என்று மூக்கைச் சிந்தினாள் இன்னொருத்தி. சந்தையிலிருந்து அப்போதுதான் வந்த அலமேலுவைக் கட்டிக்கொண்டு பெரியம்மா அழ, விவரம் தெரியாமலே அவளும் அழுதாள். ஈர வேட்டியோடு இத்தனை பெண்கள் நடுவில் எப்படி ஏறுவது? வெட்கத்தில் படிக்கல்லைப் பிடித்தபடி நின்றேன். உயிரோடு இருக்கும்போது யாரும் என்னை இவ்வளவு புகழ்ந்ததில்லை என்பதும் ஒரு காரணம்.

பிறகு இன்னும் சில படி ஏறி, கிணற்று விளிம்புக்கு மேல் கண் மட்டும் தெரிய மெல்லத் தலையை உயர்த்தினேன். சத்தம் கேட்டு வாத்தியாரும் வந்திருந்தார். அவரைக் கண்டதும், அத்தனை அழுகைக்கு நடுவிலும், வள்ளி காலைப் பாடத்தைச் செய்தாள். தலைக்கு மேலே வளைந்த கை இடது காதை இறுகப் பிடித்திருந்தது.

"எட்டிருச்சே" என்றார் வாத்தியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பாக்கத்தான் அப்பனுக்குக் குடுத்துவைக்கல."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அப்ப நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுங்களா?" என்று கிணற்றுக்குள்ளிருந்து கேட்டேன்.

கொல்லை காலியாகிவிட்டது. ஓடுவதற்கு முன் வாத்தியார் தலையாட்டியதை நான் பார்த்தேன். அதுவே சேர்க்கைக்குப் போதும்.

அன்று மாலை அலமேலு என் பக்கம் திரும்பாமல் புதுக் கயிற்றை வாளியில் கட்டிக்கொண்டிருந்தாள். வள்ளி அதன் மறு நுனியைப் பிடித்திருந்தாள்.

"அப்பா, அங்க இதுக்குப் பேரு தாலி. இங்க கயிறு. அம்மா கழுத்துல கெடக்குறது தாலிக்கயிறுன்னா, அது பாதி அந்த ஊரு, பாதி இந்த ஊரா?"

அலமேலு முடிச்சை விட்டுவிட்டுத் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.