ஒன்றரை வோல்ட்டில் கிடைத்த வேலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் ஒரு தனியார் பள்ளியின் கெமிஸ்ட்ரி லேபில் நடந்தது இது.

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். எம்.எஸ்சி., பி.எட். முடித்த கையோடு கல்யாணமாகி அந்தமான் வந்துவிட்டேன். இரண்டு பிள்ளைகள், வீட்டு வேலை என்று எட்டு வருடம் ஓடிவிட்டது. அதன்பிறகு டீச்சர் வேலைக்கு நான்கு பள்ளிகளில் ஏறி இறங்கினேன். நான்கிலும் இந்தி போதாது என்று அனுப்பிவிட்டார்கள். இது ஐந்தாவது. "இதுவும் கெடைக்கலன்னா விட்டுர்றேன் மச்சான்" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். பேட்டரி போல மின்சாரம் தரும் கால்வானிக் செல்லிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு மின்வேலை பெறலாம் என்ற கணக்கு. கடைசி பெஞ்சில் பிரின்சிபாலும், அங்கே பல வருடமாக கெமிஸ்ட்ரி நடத்தும் சீனியர் சாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

துத்தநாகமும் தாமிரமும் வைத்த செல். எலக்ட்ரான் இரண்டு, ஃபாரடே எண் 96,500, வோல்ட் 1.10. மூன்றையும் பெருக்கினால் 2,12,300 ஜூல். ஒரு மோல் துத்தநாகம் கரைந்தால் இதற்கு மேல் ஒரு ஜூல்கூட வாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேடம், ஜிங்க் டபுள் கரேங்கே தோ வோல்ட் பீ டபுள் ஹோகா?" துத்தநாகத்தை இரட்டித்தால் வோல்ட்டும் இரட்டிக்குமா என்பது அவள் சந்தேகம்.

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து சீனியர் சாரின் குரல் வந்தது. "ஹான், டபுள் ஹோகா."

எனக்கு வேலை தரலாமா என்று பிரின்சிபாலுக்குச் சொல்ல வேண்டியவரே அவர்தான். தலையாட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தப் பெண் அதை நோட்டில் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டாளே!

"நஹீன் சார்" என்றேன். வோல்ட் மாறாது, வேலைதான் இரட்டிக்கும் என்று விளக்கினேன்.

சார் கையைக் கட்டிக்கொண்டு நிரூபிக்கச் சொன்னார். "ப்ரூஃப் தீஜியே."

சுற்றுமுற்றும் பார்த்தேன். கரெண்ட் போனால் எடுக்க மேசையில் ஒரு டார்ச் இருந்தது. அதிலிருந்து பெரிய செல்லைக் கழற்றினேன். நாற்காலியில் ஏறி, சுவர்க்கடிகாரத்தின் சின்ன செல்லையும் எடுத்தேன். பிசிக்ஸ் லேபிலிருந்து வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வந்தது. ஏதாவது ஒன்று பழைய செல்லாக இருந்து குறைவாகக் காட்டினால் என் கதை முடிந்தது. யா அல்லா என்று சொல்லிக்கொண்டே மீட்டரை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, அளந்து சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

பெரியது 1.51. சின்னது 1.52.

"இரண்டிலும் வோல்ட் ஏறக்குறைய ஒரே அளவுதான். பெரிய செல்லில் சரக்கு அதிகம், அதனால் அதிக வேலை செய்யும்" என்று சொல்லி, போர்டில் எலக்ட்ரானை நான்காக்கி 4,24,600 என்று எழுதினேன்.

சார் எழுந்து வந்து மீட்டரைத் தானே பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "மேடம் சஹி ஹைன். கல்தி மேரி தீ" என்றார். மேடம் சொன்னது சரி, தவறு என்னுடையது என்று சொல்லி, முதலில் கை தட்டியவரும் அவரேதான். வகுப்பே தட்டியது. "மண்டே ஸே ஆயியே" என்று திங்கட்கிழமை முதல் வரச் சொன்னார் பிரின்சிபால், என் இந்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்!

கணவர் காத்திருந்த கேட் வரை நடந்தேனா, ஓடினேனா தெரியாது. "மச்சான், கெடைச்சிருச்சு!" என்று நான் கத்தியதில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தெரிந்ததை யார் முன்னாலும் சொல்லலாம் என்ற தைரியம் எனக்கு அன்றே வந்துவிட்டது. தவறு செய்தால் அத்தனை பிள்ளைகள் முன்னாலும் ஒப்புக்கொள்ளும் அந்த சாரின் பெரிய மனதைத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.