திருநீறு போட்ட கிண்ணம்

வினோலியா எப்போது டாக்டர் ஆவாள் என்று சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசி போடாத டாக்டர் என்று விளக்கி விளக்கி அவள் அம்மா மரியபுஷ்பம் சலித்துப்போனாள். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் முழங்காலைக் காட்டி மருந்து கேட்பவர்களிடம், "இன்னும் முடிக்கலீங்க" என்று சொல்லி வினோலியா நழுவிவிடுவாள்.

நாமக்கல் முட்டை ஓட்டைப் பொடித்து, உலையில் சுட்டு, உடைந்த எலும்பின் இடைவெளியை நிரப்பும் பொடி செய்வதுதான் அவள் ஆராய்ச்சி. வழிகாட்டி பேராசிரியர் மயில்சாமி, திருச்செங்கோட்டுக்காரர். வேதியியல், பொருளறிவியல், மருத்துவம் மூன்றையும் ஒரே தலைப்பில் அடைத்துவிடுவதில் கெட்டிக்காரர். தலைப்புக்குக் கீழே இருப்பதைப் படிக்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள் சுட்ட பொடியில் எலும்புச் செல்கள் கிடுகிடுவென வளர்ந்தன. மயில்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை அனுப்பினார், பொன்னாடை போர்த்திக்கொண்டார், செய்தித்தாளில் சிரித்தார். கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

வினோலியாவுக்குத்தான் உறுத்தியது. முட்டை ஓட்டில் இல்லாத சிலிக்கான் இந்தப் பொடிக்குள் எப்படி வந்தது? விசாரித்தால், ஆய்வக உதவியாளர் மாதையன் பூஜையன்று உலைக்குப் பட்டை போட்டதோடு நிற்காமல், உள்ளே வைக்கும் பீங்கான் கிண்ணங்களுக்கும் தாராளமாகத் திருநீற்றுப் பட்டை போட்டிருக்கிறார். அவள் கழுவாமல் எடுத்துவிட்டாள். கழுவிய கிண்ணத்தில் சுட்டால் செல்கள் சோம்பிக் கிடந்தன. மாதையனின் திருநீறோ அசல் சாணச் சாம்பல், சிலிக்கான் நிறைந்தது; அதைக் கலந்து சுட்டால் துள்ளின. நடந்ததை அப்படியே ஐந்தாம் அத்தியாயமாக எழுதி, ஆய்வேட்டைக் கையெழுத்துக்கு மயில்சாமியிடம் கொண்டுபோனாள்.

"ஏஞ்சாமி, திருநீறுன்னு எழுதுனா உலகம் சிரிக்காதா? நீ வேற சர்ச்சுக்குப் போறவ. பூஜையக் குத்தஞ் சொல்றான்னு பேசுவாங்க. அந்த அத்தியாயத்த எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

"பூஜையக் குத்தஞ் சொல்லலீங்க சார். கிண்ணத்தக் கழுவாதது என் குத்தம்னுதான் எழுதியிருக்கறனுங்க."

அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. பதிவுக் காலமும் முடியப் போகிறது. விட்டால் இத்தனை வருட உழைப்பும் குப்பை. வினோலியா அழுதாள், ஆத்திரப்பட்டாள், அத்தியாயத்தை மட்டும் எடுக்கவில்லை.

அப்போதுதான் கட்டுரை வெளியான வெளிநாட்டு இதழிலிருந்து மயில்சாமிக்குக் கேள்வி வந்தது. இன்னொரு முறை செய்து காட்ட முடியுமா? அவர் கதவைச் சாத்திக்கொண்டு சுட்டார். விதவிதமான பாக்கெட் திருநீறு வாங்கி வந்து கலந்து பார்த்தார். எல்லாம் வெறும் சுண்ணாம்புப் பொடி; ஒரு செல்லும் அசையவில்லை. மாதையனைக் கேட்டால் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிடும். வேறு வழியில்லாமல் வினோலியாவிடமே வந்து நின்றார்.

"ஏஞ்சாமி, அந்தத் திருநீறு எந்தக் கடையில வாங்குனதுங்க?"

அவருக்குத் தன்னிடமும் 'ங்க' போட வரும் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"கடைப் பேரோட அஞ்சாம் அத்தியாயத்துல இருக்குதுங்க சார். கையெழுத்தப் போட்டுட்டு நிதானமாப் படிங்க."

மயில்சாமி சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.