ரத்தம் பார்க்காத பொருத்தம்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு நேசம்மாவினுடையது. ரயில்வே ஆபீசில் டைப்பிஸ்ட். மூத்தவன் விஜயன் நாலு வயது வரை பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டான். யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டான். மண்டையில் எதுவும் தங்கவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்தும் அனுப்பிவிட்டார்கள்.

காரணம் கண்டுபிடிக்க எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்துக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வயிற்றில் பிள்ளையோடு நேசம்மா கிரகண நேரத்தில் கொடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். கணவரின் அக்கா பூமணி அதைப் பிடித்துக்கொண்டாள். கல்யாண வீடோ செத்த வீடோ, எங்கே போனாலும் அந்தத் துணிக் கதைதான். கணவர் கனகசபை திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. எனக்கு அந்த மனிதர் மேல்தான் அதிகக் கோபம்.

1993-இல் ஒரு டாக்டர் விஜயனின் ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்தார். முடிவு கேட்க நானும் துணைக்குப் போயிருந்தேன். மூளை வளர்வதற்குத் தேவையான ஒரு மரபணு அவனிடம் வேலை செய்யவில்லை, அது தாய்வழியாக வந்தது என்றார்.

"அப்ப கிரகணம் இல்லையா டாக்டர்?" என்றாள் நேசம்மா.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல ஆன்டி."

நேசம்மா அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டர் தயங்கிவிட்டு, "உங்க மகளுக்கும் இருக்கலாம். இருந்தா அவங்க பிள்ளைங்களுக்கும் போகலாம்" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

மகள் யோகமலருக்கு அப்போதுதான் கிள்ளான் வாத்தியார் ஒருவரோடு சாதகம் பொருந்தியிருந்தது. அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க யார் வந்தாலும் விஜயனைக் கிள்ளானில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். மாப்பிள்ளையே கிள்ளான் என்பதால் இந்தத் தடவை செலாயாங்குக்கு அனுப்பலாம் என்று பூமணி முடிவு செய்தாள். என்ன சாமர்த்தியம்!

"கல்யாணம் முடியட்டும்மா. அப்புறம் டெஸ்ட் எடுத்துக்கலாம்" என்று மகளும் கெஞ்சினாள்.

நேசம்மா கேட்கவில்லை. விஜயனுக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி நடுக்கூடத்தில் உட்கார வைத்தாள். "அங்கிள், பஸ்ஸுல வந்தீங்களா?" என்று அவன் மாப்பிள்ளையின் அப்பா முத்துக்குமாருவை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பாவம், அவரும் சளைக்காமல் "கார்ல வந்தேன் தம்பி" என்றார்.

"சாதகம் பாத்தீங்க. இதையும் தெரிஞ்சுக்குங்க" என்று நேசம்மா டாக்டர் சொன்னதை முழுக்கச் சொன்னாள். அவர்கள் மரியாதையாகத்தான் எழுந்தார்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனவர்களிடமிருந்து பிறகு ஒரு வார்த்தையும் வரவில்லை.

"பெத்த பொண்ணு வாழ்க்கைய நீயே கெடுத்திட்டியே!" என்று பூமணி கத்தினாள்.

"போற வீட்டுல இவளையும் ஒருத்தர் உங்கள மாதிரி பேசக்கூடாது மச்சாள்."

கனகசபை அன்றைக்கும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோகமலர் பல நாள் தாயோடு பேசவில்லை. பிறகு தானே போய் ரத்தம் கொடுத்தாள். முடிவு கேட்க மட்டும் அம்மாவைக் கூப்பிட்டாள். அவளுக்கும் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நேசம்மா மகளின் கையைப் பிடித்தாள். "என்ன மன்னிச்சிரும்மா..."

யோகமலர் கையை விடவில்லை.

"மன்னிப்புக் கேக்காதீங்கம்மா. நீங்க கேட்டா, நாளைக்கு நானும் என் பிள்ளைகிட்ட கேக்கணும்."