பெட்டியில் வந்தபடியே

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் சுதாவின் தம்பி. மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து மறுபடி அழைத்தேன். "அக்கா போயிட்டா" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். அவர் ஒரு மருத்துவமனையின் பெயரைச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

டெங்கு. இரண்டு மருத்துவமனைகளில் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதில் சேர்ப்பதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. இதை விதி என்று எழுத எனக்கு மனமில்லை. நாட்டின் தலைநகரத்தில் ஒருவர் கொசு கடித்துச் சாவது விதி அல்ல.

உங்களில் பலர் சுதாவை, துவாரகா குடியிருப்பின் பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து எல்லோரையும் அதட்டியவராக அறிவீர்கள். நான் அறிந்தவர், கணிப்பொறிப் பத்திரிகை ஒன்றின் சோதனை அறையில் என் எதிர் மேஜையில் இருந்தவர். சந்தைக்கு வரும் கணிப்பொறி, பிரிண்டர் எல்லாவற்றையும் சோதித்து நட்சத்திரம் போடுவது எங்கள் வேலை. ஆங்கிலத்தில் எழுதுவோம், இந்தியில் சண்டை போடுவோம், தமிழில் புறம் பேசுவோம். அவர் தில்லியில் பிறந்தவர். தமிழ் படிக்க வராது. நான் விருதுநகர்க்காரன். "அரே, மேடையில பேசற மாதிரி பேசாதே, ஜல்தி சொல்லு" என்பார். யாராவது இந்த அஞ்சலியைப் படித்துக் காட்டினால் பாதியில் நிறுத்தச் சொல்லியிருப்பார்.

அந்த வருடங்களில் விலை குறைந்த கணிப்பொறிகள் லினக்ஸ் போட்டு வரும். லினக்ஸ், விண்டோஸைப் போலக் கணிப்பொறியை இயக்குவது; எவரும் எடுத்துத் திருத்திப் பகிரக்கூடிய இலவச மென்பொருள். விண்டோஸுக்கு உரிமம் வாங்க வேண்டும். லினக்ஸ் போட்டால் பெட்டியின் விலை இறங்கும். எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. பெட்டி வந்ததும் முதல் வேலையாக அந்த லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸை ஏற்றுவோம். வேகத்தை அளக்கும் எங்கள் மென்பொருள் அதில்தான் ஓடும். அளப்போம், 'வாங்கலாம்' என்று எழுதுவோம். வாசகர் வாங்கும் பொருளை எங்களில் ஒருவரும் பார்த்ததே இல்லை. அது யாருக்கும் தப்பாகத் தோன்றவும் இல்லை.

ஒருநாள் மயூர் விஹாரிலிருந்து ஒருவர் வந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, கும்பகோணத்துக்காரர். எங்கள் பத்திரிகையைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார்.

"உங்க ஸ்டாரைப் பாத்துதான் சார் பொண்ணுக்கு வாங்கினேன். நெட் வரமாட்டேங்கறது. மோடம் இல்லைங்கறது. திறந்தே பாத்துட்டேன், மோடம் உள்ளதான் இருக்கு. கடைக்காரன், 'பாய் ஸாப், திருட்டு விண்டோஸ் போட்டுக்கோங்க, எல்லாரும் அதான் பண்றாங்க'ங்கறான். நான் கவர்மெண்ட் சர்வன்ட் சார். திருட்டுச் சாமானை வீட்டுல வெச்சுப்பேனா?"

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். சுதா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். "ஸாரி அங்கிள். நீங்க வாங்கின மெஷினை நாங்க பாக்கவே இல்லை."

அந்த அறையில் அவ்வளவு நேரான பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதே மாடலை மறுபடி வரவழைத்தார். எதையும் அழிக்காமல், பெட்டியில் வந்தபடியே பொத்தானை அழுத்தினார். 'கரீதார்', அதாவது வாங்குபவர், என்று ஒரு பயனர் பெயர் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அதிலேயே வேலை செய்தார். குமாஸ்தா சொன்னது சரி. தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தோடு சேர்க்கும் மோடம் உள்ளே இருந்தது; ஆனால் அது விண்டோஸில் மட்டும் ஓடும்படி செய்த மலிவு ரகம். லினக்ஸ் மேல் குற்றமில்லை. அதில் ஓடக்கூடிய மோடத்தைப் போட்டிருந்தால் ஓடியிருக்கும். வாங்குகிறவன் எப்படியும் அழித்துவிடுவான் என்று, கம்பெனி பேருக்கு எதையோ ஏற்றி விற்றிருந்தது. சுதா அப்படியே எழுதினார். நட்சத்திரம் போட மறுத்தார்.

கேள்விப்பட்ட லினக்ஸ் ஆர்வலர்கள் சண்டைக்கு வந்தார்கள். "இப்பதான் நாலு பேர் லினக்ஸ் பக்கம் வர்றாங்க. மேடம், நீங்க நம்ம பக்கமா, அவங்க பக்கமா?"

"நான் பில் கட்டினவன் பக்கம்."

விளம்பரப் பிரிவு மேலாளர் நேரே சோதனை அறைக்கே வந்தார். "லினக்ஸை யாரு யூஸ் பண்றா, சுதா? எல்லாரும் அழிச்சிடுவாங்க."

"அழிக்கத் தெரியாதவன்தான் சார் நம்ம பத்திரிகையை வாங்கறான்."

இதழ் வந்தது. பெட்டியின் படம் இருந்தது. பழைய வேக அட்டவணை இருந்தது. சுதா எழுதியதில் ஒரு வரி இல்லை. அவர் போடாத நட்சத்திரங்கள் அவர் பெயரோடு அச்சாகியிருந்தன. அவர் கத்தவில்லை. டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பி வரவில்லை. வேறு பத்திரிகைகள் இருக்கின்றனவே என்று போனில் சொன்னேன். "எங்க போனாலும் முதல்ல அழிக்கத்தானே சொல்லுவாங்க" என்றார். பிறகு துவாரகாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார்.

தகனம் முடிந்த மறுநாள், அவருடைய படம் ஏதாவது கிடைக்குமா என்று பழைய அலுவலகத்துக்குப் போனேன். படம் இல்லை. சோதனை அறை மூலையில், அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் அந்தக் கணிப்பொறி இருந்தது. கம்பெனி திருப்பி வாங்கிக்கொள்ளவில்லையாம். பாஸ்வேர்டு தெரியாததால் யாரும் தொடுவதில்லை என்றார் இப்போது அங்கே இருப்பவர். வருகிற எல்லாவற்றையும் அழிக்கும் அந்த அறையில் அது ஒன்றுதான் தப்பியிருந்தது.

தூசியைத் தட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். பெயர் கேட்டது. 'கரீதார்' என்று அடித்தேன். அது உடனே திறந்துகொண்டது. சுதா பாஸ்வேர்டே வைக்கவில்லை. இத்தனை காலம் ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இணையத்துக்கான சின்னத்தை அழுத்தினேன். திரையில் சிறிய சாம்பல் நிறக் கட்டம் ஒன்று எழுந்து வந்தது: மோடம் இல்லை.

அவர் எழுதியதை வெட்டிவிட்டார்கள். அந்த மெஷின் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த கைகளோடு, நான் அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாத்தையும் அழிச்சு, ஃபார்மேட் பண்ணி யாருக்காவது கொடுத்துடலாமா?" என்று கேட்டார் அந்த அறைக்காரர். அந்த அறையில் எனக்கு இப்போது எந்த உரிமையும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பெட்டி வரும்போதெல்லாம் சுதா எதிர் மேஜையிலிருந்து, "என்ன வந்திருக்கு?" என்பார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி மட்டும்தான். இப்போது வேறொரு பத்திரிகையில் கைபேசிகளுக்கு விமர்சனம் எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்து, எதையும் மாற்றாமல் பொத்தானை அழுத்துகிறேன். திரை கறுப்பாக இருக்கும் அந்த நேரத்தில் எதிரே யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறேன். பிறகு, வந்திருப்பது என்னவோ அதை எழுதுகிறேன். பெரும்பாலும் வெட்டிவிடுகிறார்கள். அடுத்த பெட்டிக்கும் அதைத்தான் எழுதுகிறேன்.