கண்வலிக் காலத்தில் காய் பொறுக்கியது

எந்தெந்த நாட்டையோ சுற்றிவிட்டுக் கண்வலி கடைசியில் போடிக்கும் வந்து சேர்ந்தது. அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே குழாய் உள்ள எங்கள் காம்பவுண்டைக் கண்டுபிடிக்க அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. டாக்டர் தனி அறையில் இருக்கச் சொன்னார். வீடே ஒரு அறைதான், தனி அறைக்கு எங்கே போவது? தாய்ப்பால் விட்டால் கண் குளிரும் என்று, கைக்குழந்தைக்காரி ஒருத்தி வீட்டு வாசலில் சங்கும் கையுமாக வரிசை நின்றது. ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் கிடைக்காத மரியாதை அவளுக்கு.

அப்போது நான் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பச்சைக் காய் தனி, வெளுத்த காய் தனி. வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு படுத்திருந்தார். என் கூலியில்தான் உலை கொதித்தது. முதலாளியோ, கண் சிவந்தவள் உள்ளே வரக்கூடாது, அவள் இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்.

ஈர விறகை ஊதிவிட்டு வருகிற பொம்பளைக்குக் கண் வேறு எந்த நிறத்தில் இருக்கும்? காலையில் அடுப்பு மூட்டுவதையே விட்டோம். பிள்ளைகள் பழைய கஞ்சியைக் குடித்தார்கள்.

கடை வாசலில் கணக்குப்பிள்ளை நின்றார். "ஏத்தா, நல்லா முழி" என்று கட்டைவிரலால் இமையை இழுத்துப் பார்ப்பார். எனக்கு முன்னால் நின்றவளுக்குப் பீளை வழிந்தது. அவளைத் துரத்திவிட்டு, அதே விரலால் என் இமையை இழுத்தார்.

"ஒனக்கு ஒண்ணுமில்ல, போ."

இரண்டு நாளில் அவரே என் கண்ணைப் பார்த்துவிட்டு, "எங்கன போயி ஒட்டிக்கிட்டு வந்த?" என்று வெளியே அனுப்பினார். பதில் சொல்ல வாயெடுத்தேன். கண் ஆறினாலும் திரும்பச் சேர்க்கமாட்டாரே என்று விழுங்கிக்கொண்டேன். இனி வீட்டில் தாராளமாக அடுப்பு மூட்டலாம், உலையில் போட அரிசிதான் இல்லை.

அந்த ஒரு விரல் சீக்கிரமே கடையைக் காலி செய்தது. காய் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. வடக்கத்தி வியாபாரி வருகிற நாளும் நெருங்கியது. கணக்குப்பிள்ளையே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் காம்பவுண்டுக்கு வந்தார்.

"முதலாளி எல்லாத்தையும் வரச் சொன்னாக. கண்ணு செவந்தா என்னத்தா, காய் பச்சையாத்தான தெரியும்?"

"இப்பத் தொத்தாதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் போன வாரம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றிருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி செருப்பை மாட்டிவிட்டாள். எனக்கு ஒரு கண் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. மற்றக் கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவளை முந்தி ஓடினேன்.